தம்பூரா ஏன் பொங்குகிறது: லினக்ஸ் மாஸ்டரிங்கில் அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்குதல்

ஆலாபனையின் நடுவே பாடகி மூச்சு வாங்குகிறார். அந்த அரை நொடிக்குள், பின்னணியில் இருந்த தம்பூரா பொங்கி முன்னுக்கு வருகிறது. அவர் அடுத்த பிடியைத் தொட்டதும் மறுபடி அடங்குகிறது. வீட்டில் பதிவு செய்த ஒரு கச்சேரியை மாஸ்டரிங் (வெளியிடும் முன் செய்யும் கடைசிச் செப்பம்) செய்தபோது எனக்கு இது நேர்ந்தது. உச்சத்தை வரம்பு மீறாமல் பிடிக்கும் லிமிட்டர் சரியில்லை என்று நினைத்து வேறொன்றைப் போட்டேன். அதுவும் போதாமல் மூன்றாவதைப் போட்டேன். தம்பூரா பொங்கிக்கொண்டேதான் இருந்தது. கோளாறு லிமிட்டரில் இல்லவே இல்லை. கோப்பை வெளியே எடுத்த பிறகு நான் ஓட்டிய ஒற்றை வரிக் கட்டளையில் இருந்தது. அதைக் கீழே உரிய இடத்தில் விரிவாகச் சொல்கிறேன்.

லினக்ஸில் மாஸ்டரிங் கருவிகளுக்குப் பஞ்சம் இல்லை. எல்எஸ்பி, எக்ஸ்42, ஸாம், கால்ஃப், ஏர்விண்டோஸ் என்று தொகுப்பு தொகுப்பாகக் கிடைக்கின்றன. எல்லாமே திறந்த மூல மென்பொருள்கள். இவற்றில் எது சிறந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. இன்ன குறைக்கு எது என்று கேட்டால் உண்டு. ஆகவே கருவியின் பெயரிலிருந்து தொடங்காமல், காதில் விழும் குறையிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் பதிவில் கேட்கும் குறை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

முதல் சோதனை: எல்லாத் தடங்களும் கடைசியில் சேரும் மாஸ்டர் பஸ்ஸில் உள்ள எல்லா ப்ளகின்களையும் (நிரலோடு சேர்க்கும் ஒலிக் கருவிகள்) பைபாஸ் செய்துவிட்டுக் கேளுங்கள். குறை அப்படியே இருந்தால் அது கலவையிலோ பதிவிலோ பிறந்தது. மாஸ்டரிங் கருவியால் அதை மறைக்க முடியும், போக்க முடியாது.

இரண்டாவது: வெளியே எடுத்த கோப்பை இன்னொரு சாதனத்தில் கேளுங்கள். இங்கே கேட்டது அங்கே கேட்கவில்லை என்றால் கோப்பு நன்றாக இருக்கிறது, உங்கள் கணினியின் ஒலி அமைப்பில்தான் பழுது.

மூன்றாவது, பலர் விட்டுவிடுவது: ஒப்பிடும்போது இரண்டு பக்கத்தின் உரப்பையும் சமமாக்குங்கள். ஒரே ஒரு டெசிபல் கூடினால்கூட கூடியதுதான் நல்லது என்று காது சொல்லும். உரத்த இடங்களைத் தணிக்கும் கம்ப்ரஸரைப் போட்டதும் பாட்டுக்கு உயிர் வந்துவிட்டது என்று தோன்றினால், அதன் வெளியீட்டு கெயினை (ஒலி அளவின் ஏற்றத்தை) குறைத்துச் சமப்படுத்தி மறுபடி கேளுங்கள். உயிர் வந்ததா, சத்தம் வந்ததா என்று அப்போது தெரியும். நான் இப்படிச் செய்து பாதி ப்ளகின்களைக் கழற்றியிருக்கிறேன்.

கேட்கும்போது படபடவென்று வெடிப்பு

இரண்டாவது சோதனையை இங்கே முதலில் செய்யுங்கள். ஒலிப்பதிவு, தொகுப்பு நிரலான ஆர்டோரில் கோப்பை வெளியே எடுக்கும்போது அது ஒலி அட்டையின் கடிகாரத்துக்குக் காத்திருப்பதில்லை. தன் வேகத்தில் கணக்கிட்டு எழுதுகிறது. ஆகவே செயலி மூச்சுமுட்டி வரும் வெடிப்பு கேட்கும்போது மட்டும் இருக்கும், கோப்பில் இருக்காது. கோப்பிலும் வெடிப்பு இருந்தால் அது பதிவிலேயே விழுந்துவிட்டது, அல்லது உச்சம் வெட்டுப்பட்டிருக்கிறது.

கேட்கும்போது மட்டும் என்றால், முனையத்தில் பிடபிள்யூ-டாப் (pw-top) என்ற கட்டளையை ஓட்டிப் பாருங்கள். லினக்ஸின் ஒலிப் போக்குவரத்தைக் கவனிக்கும் பைப்வயர் உள்ள பெரும்பாலான கணினிகளில் இது இருக்கும். ஃபெடோரா 2021இல் வந்த 34ஆம் பதிப்பிலிருந்தும், உபுண்டு 22.10இலிருந்தும் பைப்வயரையே இயல்பாக வைத்திருக்கின்றன. திரையில் பிழை எண்ணிக்கைக்கென்று ஒரு பத்தி ஓடும். வெடிப்பு கேட்கும் அதே கணத்தில் எந்த வரியில் அந்த எண் கூடுகிறதோ, அந்த நிரல்தான் நேரத்துக்கு வேலையை முடிக்கவில்லை.

மருந்து எளிது. மாஸ்டரிங்கில் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. இங்கே யாரும் காதில் ஹெட்ஃபோனோடு பாடிக்கொண்டிருக்கவில்லை. பஃபரை (ஒரு தடவைக்குக் கணக்கிடும் மாதிரிப் புள்ளிகளின் எண்ணிக்கையை) 1024க்கோ 2048க்கோ உயர்த்துங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 2048 என்பது ஏறக்குறைய 43 மில்லிநொடி. பதிவின்போது அது தாங்காது, இங்கே ஒருவருக்கும் தெரியாது. அப்படியும் நிற்காவிட்டால், உங்கள் பயனர் கணக்குக்கு நிகழ்நேர முன்னுரிமை இருக்கிறதா என்று பாருங்கள். பல லினக்ஸ் வழங்கல்களில் ஆடியோ என்ற குழுவில் சேர்க்கப்பட்ட கணக்குக்குத்தான் அது கிடைக்கும். சேர்த்தால் வெளியேறி மறுபடி உள்நுழைந்த பிறகே பலிக்கும்.

என் கணினியில் அருமை, வேறெங்கும் மோசம்

ஹெட்ஃபோன், அறை, ஸ்பீக்கர் என்று காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் லினக்ஸில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஈஸி எஃபெக்ட்ஸ். படம் பார்க்கவோ பாட்டு கேட்கவோ எப்போதோ நிறுவியிருப்பீர்கள். கணினி தொடங்கும்போதே பின்னணியில் ஓடும்படி அமைத்துவிட்டு மறந்திருப்பீர்கள். உங்கள் மாஸ்டர் வெளியே போகும் வழியில் அது தன் ஈக்வலைசரையும் பேஸ் கூட்டலையும் சேர்த்துக்கொண்டே இருக்கும். நீங்கள் அந்தக் கூட்டலை ஈடுகட்டி உங்கள் பாட்டின் பேஸைக் குறைப்பீர்கள். வேறொருவர் கேட்கும்போது பாட்டு சப்பென்று இருக்கும்.

க்யூபிடபிள்யூகிராஃப் என்ற சிறு நிரலைத் திறந்து வயர்களைப் பாருங்கள். ஆர்டோரின் மாஸ்டர் வெளியீட்டிலிருந்து புறப்படும் கோடு நேராக ஒலி அட்டைக்குப் போக வேண்டும். நடுவில் ஈஸி எஃபெக்ட்ஸ் பெட்டி ஒன்று நின்றால் அதை நிறுத்திவிட்டு மறுபடி கேளுங்கள். ஒரு மாத வேலையை இந்த ஒரு பெட்டி வீணாக்கிவிடும்.

பாட்டு வேகமாக ஓடுகிறது, சுருதி ஏறிவிட்டது

44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு எடுக்கும் மாதிரிப் புள்ளிகளின் எண்ணிக்கை) இருக்கும் ஒலி, மாற்றப்படாமல் 48இல் ஓடுகிறது. கணக்கு இதுதான்: வேகம் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடும், சுருதி ஒன்றரை அரைச்சுரம் அளவு ஏறும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் எங்கோ பாடுவதுபோல் கேட்கும். சுருதிப் பெட்டியை ஒன்றரையில் வைத்தாலும் இரண்டில் வைத்தாலும் சேராது. இந்த அறிகுறி அவ்வளவு துல்லியமானது, வேறு காரணத்தைத் தேட வேண்டாம்.

பைப்வயர் இயல்பாக 48இல் ஓடும். ஆர்டோர் தன் பழைய அமர்வு 44.1இல் உருவாக்கப்பட்டது, இப்போது ஓடுவது 48 என்று திறக்கும்போதே எச்சரிக்கும். அந்தப் பெட்டியைப் படிக்காமல் மூடிவிடுவதால்தான் இந்தக் கோளாறு வருகிறது. பைப்வயரை அமர்வின் ரேட்டுக்கு மாற்றிவிட்டுத் திறங்கள். புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் 48ஐயே வைத்துக்கொள்ளுங்கள்; காணொளிக்கும் அதுதான் வேண்டும்.

ப்ளகினை நிறுவினேன், பட்டியலில் காணவில்லை

பெரும்பாலும் ஃபிளாட்பேக்தான் காரணம். ஆர்டோரையோ ஆடாசிட்டியையோ ஃபிளாட்பேக் வழியாக நிறுவினால் அது தனக்கென்று ஒரு மூடிய அறைக்குள் ஓடுகிறது. நீங்கள் வழக்கமான தொகுப்பு மேலாளர் வழியாக நிறுவிய எல்எஸ்பி அந்த அறைக்கு வெளியே இருக்கிறது. இரண்டில் ஒன்று செய்யுங்கள்: ப்ளகின்களையும் ஃபிளாட்ஹப்பில் உள்ள ப்ளகின் நீட்சிகளாகவே நிறுவுங்கள், அல்லது நிரலையும் உங்கள் வழங்கலின் தொகுப்பாகவே நிறுவுங்கள். நான் இரண்டாவதைச் செய்கிறேன். எல்லாம் ஒரே வீட்டில் இருந்தால் தேடும் நேரம் மிச்சம்.

வடிவமும் ஒரு காரணம். எல்வி2, விஎஸ்டி3, க்ளாப், பழைய லாட்ஸ்பா என்று வடிவங்கள் பல. உங்கள் நிரல் எவற்றைப் படிக்கும் என்று பாருங்கள். பழைய வழிகாட்டிகள் ஜாமின் என்ற மாஸ்டரிங் நிரலைப் பரிந்துரைக்கும். 1023 பட்டை ஈக்வலைசரும் மூன்று பட்டை கம்ப்ரஸரும் ஒரே திரையில் இருந்த அழகான கருவி அது. இப்போது பராமரிப்பில் இல்லை. அதை உயிர்ப்பிக்க நேரம் செலவிடாதீர்கள்.

மற்றவர்கள் பாட்டை விட என் பாட்டு மெல்லியதாக இருக்கிறது

அளக்காமல் எந்தக் குமிழையும் திருகாதீர்கள். உச்ச மீட்டர் இங்கே உதவாது. ஒரு மிருதங்கச் சொல் உச்சத்தைத் தொட்டுவிட்டுப் போகும். பாட்டு முழுதும் மெல்லியதாகவே இருக்கும். தேவையானது உரப்பு மீட்டர். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் பிஎஸ்.1770 பரிந்துரை 2006இல் வந்தது. காதின் உணர்வுக்கேற்ப அதிர்வெண்களை எடைபோட்டு உரப்பை அளக்கும் முறை அது, அலகு எல்யூஎஃப்எஸ். அதன்மேல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010இல் ஆர்128 என்ற தரத்தை எழுதி −23 என்ற இலக்கை வைத்தார்கள். ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் −14க்கு அருகே சமப்படுத்துகின்றன.

ராபின் கரியஸ் எழுதிய எக்ஸ்42 மீட்டர் தொகுப்பில் ஆர்128 மீட்டர் இருக்கிறது. ஆர்டோரில் கோப்பை வெளியே எடுத்ததும் காட்டும் அறிக்கையிலும் மொத்த உரப்பும் ட்ரூ பீக் (அலையின் உண்மையான உச்சம்) அளவும் இருக்கும். நான் முதலில் பார்ப்பது அந்த அறிக்கையைத்தான்.

அளந்தபின் மூன்று நிலை வரலாம். உங்கள் பாட்டு ஏற்கெனவே −14க்கு அருகே இருந்தும் மெல்லியதாகத் தோன்றினால் உரப்பு குறையல்ல. நடு அதிர்வெண்கள் குறைவாக இருக்கலாம், குரல் பின்னால் இருக்கலாம். −8 இருந்தால் தளம் அதை 6 டெசிபல் குறைத்துவிடும். நசுக்கியது நசுக்கியதாகவே இருக்கும், உரப்பு மட்டும் போய்விடும். −22 இருந்து ட்ரூ பீக் ஏற்கெனவே −1ஐத் தொட்டால்தான் உண்மையான வேலை. யூடியூப் உரப்பானதைக் குறைக்குமே தவிர மெல்லியதை உயர்த்தாது.

இந்த மூன்றாவது நிலையில் உடனே லிமிட்டரைப் போடாதீர்கள். அலைவடிவத்தை முழுதாக விரித்துப் பாருங்கள். பத்து நிமிடப் பாட்டில் நாலைந்து இடங்களில் மட்டும் முள்போல் உச்சம் நீட்டிக்கொண்டிருக்கும்: ஒரு மிருதங்கத் தீர்மானத்தின் கடைசி அடி, மைக்கில் இடித்த கை. அந்த இடங்களை வெட்டித் தனித் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் கெயினையும் கையால் 4, 5 டெசிபல் இறக்குங்கள். மொத்தப் பாட்டையும் அதே அளவு ஏற்ற இடம் கிடைத்துவிடும். லிமிட்டர் செய்யும் வேலையைக் கை செய்தால் தடயம் இருக்காது.

கச்சேரிப் பதிவில் இன்னொரு பொறி உண்டு. அளவுகோல் மௌனத்தையும் மிக மெல்லிய பகுதிகளையும் தானே விலக்கிவிடும். −70க்குக் கீழே உள்ளதும், மொத்தத்தைவிட 10 அலகு கீழே உள்ளதும் கணக்கில் சேராது. ஆனால் கரவொலி சேரும். பாட்டின் முடிவில் இருக்கும் ஒரு நிமிடக் கரவொலி உரப்பை ஏற்றிக் காட்டும், அதனால் பாட்டு மெல்லியதாகவே நின்றுவிடும். பாட்டை மட்டும் தேர்ந்தெடுத்து அளங்கள். கர்நாடக சங்கீதத்துக்கு −16, −18 என்று நிறுத்திக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. விளம்பக் காலக் கீர்த்தனை ஒன்று திரைப்பாட்டோடு சத்தத்தில் போட்டியிட வேண்டியதில்லை.

தம்பூரா பொங்குகிறது

இனி என் கதைக்கு வருகிறேன். அந்தப் பத்து நிமிடக் கோப்பு ஸ்டீரியோ, 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். அளவு 115 எம்பி. எஃப்எஃப்எம்பெக் நிரலின், உரப்பைச் சமப்படுத்தும் லௌட்நார்ம் வடிகட்டியை இயல்பு அமைப்பில் ஓட்டினேன். வெளியே வந்த கோப்பு 460 எம்பி. மூன்று நாள் கழித்துத்தான் அந்த எண் கண்ணில் பட்டது. அப்படியே நான்கு மடங்கு. சாம்பிள் ரேட்டைப் பார்த்தால் 192 கிலோஹெர்ட்ஸ்.

அதுதான் துப்பு. லௌட்நார்ம் இரண்டு விதமாக வேலை செய்யும். ஒன்று, முழுப் பாட்டுக்கும் ஒரே கெயின். மற்றொன்று, பாட்டு ஓட ஓடக் கெயினை ஏற்றி இறக்குவது. இரண்டாவது முறையில் உச்சத்தைக் கண்டுபிடிக்க ஒலியை 192க்கு உயர்த்திக்கொள்கிறது. நாம் ரேட்டைச் சொல்லாவிட்டால் அப்படியே எழுதியும் விடுகிறது. ஒரே ஓட்டத்தில் இயக்கினால் எப்போதும் இந்த இரண்டாவது முறைதான். ஏற்ற இறக்க வரம்புக்கு அதன் இயல்பு இலக்கு 7 அலகு. ஆலாபனையில் தொடங்கித் தனியாவர்த்தனத்தில் முடியும் ஒரு பாட்டுக்கு 7 அலகு எந்த மூலைக்குப் போதும்? மெல்லிய இடம் வந்ததும் அது கெயினை ஏற்றுகிறது. பாடகி நிறுத்தினால் மிச்சமிருப்பது தம்பூராதான், அது பொங்குகிறது.

நீக்கும் வழி இது. முதல் ஓட்டத்தில் அளக்க மட்டும் செய்யுங்கள். அந்த அளவுகளை இரண்டாம் ஓட்டத்துக்குக் கொடுத்து, நேர்கோட்டு முறையை, அதாவது முழுப் பாட்டுக்கும் ஒரே கெயினை, கேளுங்கள். வரம்பு இலக்கை உங்கள் பாட்டின் அளவுக்கு மேலே, 20 வரைகூட, வையுங்கள். சாம்பிள் ரேட்டை 48 என்றும் பிட் ஆழத்தை 24 என்றும் தெளிவாகச் சொல்லுங்கள். வேவ் கோப்பு எழுதும்போது சொல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் 16க்கு இறங்கிவிடும். நீங்கள் கேட்டால் வேலை முடிந்ததும் அது அச்சிடும் சுருக்கத்தில் எந்த முறையில் செய்தது என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் படிக்காமல் எழுந்துவிடாதீர்கள். நேர்கோட்டைக் கேட்டிருந்தாலும், ஒரே கெயினில் ஏற்றினால் உச்சம் வரம்பு மீறும் என்று தெரிந்தால் அது சொல்லாமல் மற்ற முறைக்குப் போய்விடும்.

நான் இப்போது லௌட்நார்மை விட்டுவிட்டேன். உரப்பை அளக்கிறேன், இலக்கிலிருந்து கழிக்கிறேன், வந்த டெசிபலை வெறும் கெயினாகக் கொடுக்கிறேன். அதில் பொங்குவதற்கு எதுவும் இல்லை.

லௌட்நார்ம் ஓட்டாமலே பொங்கினால், மாஸ்டரில் தானியங்கிச் சமன்படுத்தி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். மாஸ்டர்_மீ என்ற ப்ளகின் நேரலைக்கும் இணைய வானொலிக்கும் பேச்சுக்கும் மிக நல்லது. அதன் லெவலர் பகுதி ஆலாபனைக்கு ஆகாது. மேட்சரிங் வேறு வகை: நீங்கள் கொடுக்கும் முன்மாதிரிப் பாட்டின் உரப்பு, அதிர்வெண் வடிவம், ஸ்டீரியோ அகலம் ஆகியவற்றுக்கு உங்கள் பாட்டை இழுக்கும். முன்மாதிரியாக ஒரு குத்துப்பாட்டைக் கொடுத்தால் தம்பூராவும் குத்துப்பாட்டின் அளவுக்கு இழுபடும். கச்சேரிக்குக் கச்சேரியையே முன்மாதிரியாகக் கொடுங்கள்.

சாதாரணக் கம்ப்ரஸரே பொங்க வைக்கிறது என்றால் விகிதத்தை 1.5க்கு இறக்குங்கள், ரிலீஸை (கெயின் பழைய நிலைக்குத் திரும்பும் நேரத்தை) அரை நொடிக்கு மேல் நீட்டுங்கள். மூச்சு வாங்கும் நேரத்துக்குள் கெயின் திரும்பி வராது. தம்பூரா தனித் தடத்தில் இருந்தால் இந்தப் பாடே வேண்டாம். அதைக் கம்ப்ரஸருக்கு வெளியே நேராக மாஸ்டரின் கடைசிக்கு அனுப்பிவிடுங்கள்.

தவில் அடிக்கும்போதெல்லாம் நாகஸ்வரம் முங்குகிறது

இது மேலே சொன்னதன் மறுபக்கம். ஓர் உரத்த அடி லிமிட்டரைத் தூண்டுகிறது. லிமிட்டர் தவிலை மட்டும் இறக்க முடியாது, மொத்த ஒலியையும் இறக்குகிறது. ரிலீஸ் 200 மில்லிநொடி என்றால் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அவ்வளவு நேரம் நாகஸ்வரம் நீருக்குள் போய் வரும். லிமிட்டரின் கெயின் குறைப்பு மீட்டரைப் பாருங்கள். அடிக்கு அடி 6 டெசிபல் இறங்கினால் அந்த லிமிட்டரிடம் அதிகம் கேட்கிறீர்கள்.

ரிலீஸை ஒரேயடியாகக் குறைப்பதுதான் பலர் செய்வது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 20 மில்லிநொடி நீளம். ரிலீஸ் அதற்கும் கீழே போனால் லிமிட்டர் ஒவ்வொரு அலையையும் தனித்தனியாகத் துரத்தி அதன் வடிவத்தையே கெடுக்கும். தவிலின் கனத்த பக்கமான தொப்பியின் ஆழம் கரகரப்பாக மாறும். அதனால் வேலையைப் பிரித்துக்கொடுங்கள். எல்எஸ்பியின் பலபட்டைக் கம்ப்ரஸரில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு பட்டையை மட்டும் இயக்கித் தொப்பியின் அடியை 3 டெசிபல் பிடியுங்கள். நாகஸ்வரத்தின் சுரங்கள் இதற்கு மேலே இருப்பதால் அது அசையாது. கடைசி லிமிட்டருக்கு 2 டெசிபல் வேலைதான் மிஞ்சும். பலபட்டை வேண்டாம் என்றால், சாதாரண எல்எஸ்பி கம்ப்ரஸரின் சைட்செயினில் (அது கேட்டு முடிவெடுக்கும் வழியில்) கீழ் அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டியை இயக்குங்கள். கம்ப்ரஸர் தொப்பியைக் கண்டுகொள்ளாது.

மீட்டர் 0ஐத் தாண்டவில்லை, எம்பி3இல் கரகரக்கிறது

சாதாரண மீட்டர் மாதிரிப் புள்ளிகளை மட்டும் பார்க்கிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அலை அவற்றைவிட மேலே எழலாம். அந்த உண்மையான உச்சம்தான் ட்ரூ பீக். எம்பி3, ஏஏசி போன்ற வடிவங்களுக்குச் சுருக்கும்போது அலைவடிவம் சற்றே மாறுவதால் உச்சம் மேலும் எழும். இழப்பில்லாத கோப்பு நன்றாகக் கேட்டு, சுருக்கியது மட்டும் உரத்த இடங்களில் உராய்ந்தால் இதுதான் காரணம்.

எக்ஸ்42 தொகுப்பின் டிபிஎல் லிமிட்டரைக் கடைசியில் வையுங்கள். ஃபோன்ஸ் ஆட்ரியென்சென் எழுதிய ஸீட்டா லிமிட்டரை அடிப்படையாகக் கொண்டது அது. அதிலுள்ள ட்ரூ பீக் பொத்தானை இயக்கி வரம்பை −1இல் வையுங்கள். பாட்டு −14ஐ விட உரப்பாக இருந்தால் −2. ஸ்பாட்டிஃபையும் இதையேதான் கேட்கிறது. பிறகு எம்பி3 ஆக்கி, அந்த எம்பி3யையே மறுபடி அளங்கள். சுருக்குவதற்கு முன் அளந்தது போதாது.

ஆடாசிட்டி பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020இல் வந்த 2.4 பதிப்பிலிருந்து அதில் உரப்பைச் சமப்படுத்தும் எஃபெக்ட் உண்டு. அது கெயினை மட்டும் மாற்றுகிறது, உச்சத்தைப் பிடிப்பதில்லை. உள்ளே 32 பிட் ஃப்ளோட்டில் இருக்கும்வரை 0ஐத் தாண்டினாலும் சேதம் இல்லை. 16 அல்லது 24 பிட்டாக வெளியே எடுக்கும் கணத்தில் வெட்டுப்படும். அந்த எஃபெக்டுக்குப் பிறகு லிமிட்டர் கட்டாயம்.

கைபேசியில் வயலின் காணாமல் போகிறது

கைபேசியின் ஒற்றை ஸ்பீக்கர் இடதையும் வலதையும் கூட்டிவிடுகிறது. ஒரு பக்கம் மேலே போகும்போது மறுபக்கம் கீழே போனால் கூட்டுத்தொகை சூனியம். ஆர்டோரின் மானிட்டர் பகுதியை இயக்கினால் மோனோ பொத்தான் கிடைக்கும். அதை அழுத்தியதும் வயலின் மறைந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. எக்ஸ்42இன் கட்ட ஒப்புமை மீட்டரும் ஊசியை −1 பக்கம் சாய்த்துக் காட்டும்.

வயலினுக்கு ஒரு பிக்அப், ஒரு மைக் என்று இரண்டு வைத்து, இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் தள்ளியிருந்தால், ஒன்றின் துருவத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆர்டோரின் ஒவ்வொரு தடத்திலும் குறுக்குக்கோடிட்ட வட்டப் பொத்தான் அதற்காகவே இருக்கிறது. ஒரே பதிவை அகலமாக்க நினைத்து ஸ்டீரியோ விரிப்பான் ஏதும் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். மாஸ்டரில் அகலம் கூட்டும் கருவி எதுவும் எனக்கு இதுவரை தேவைப்பட்டதில்லை.

இரைச்சலும் சுருதியும் சண்டை போடுகின்றன

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரைச்சல் 50இல் மட்டும் நிற்காது. 100, 150, 200, 250 என்று ஏறிக்கொண்டே போகும். இதை வெறும் பின்னணி முனகல் என்று விட்டுவிட முடியாத ஒரு நிலை நம் சங்கீதத்தில் உண்டு. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணின் ஆதார ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். இரைச்சலின் நான்காவது படி 200. இரண்டும் ஒன்றாக ஒலித்தால் நொடிக்கு நான்கு முறை சுருதி துடிக்கும். தம்பூரா சரியாகச் சேரவில்லை என்று அதை முறுக்கிக்கொண்டே இருப்பீர்கள். தம்பூராவில் பிழை இல்லை.

பதிவு நாளிலேயே கண்டுபிடிப்பது உத்தமம். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டுங்கள். துடிப்பு நின்றால் சார்ஜர்தான் காரணம். பதிவு முடிந்துவிட்டது என்றால், எல்எஸ்பியின் அளவுரு ஈக்வலைசரில் 200க்கு ஒரு மிகக் குறுகிய பள்ளம் போடுங்கள், மொத்தம் 4 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு மேல் வேண்டாம். அகலமான பள்ளம் ஷட்ஜத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். 50க்குத் தாராளமாகவே போடலாம், அங்கே அவர் சுரம் எதுவும் இல்லை.

ஆடாசிட்டியின் இரைச்சல் குறைப்பைப் பயன்படுத்துகிறவர்கள் இரைச்சல் மாதிரியை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் கவனமாக இருங்கள். தம்பூரா ஒலித்துக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து எடுத்தால் அது தம்பூராவையே இரைச்சல் என்று கற்றுக்கொண்டு பாட்டு முழுதும் அரித்துவிடும். பதிவைத் தொடங்கியபின், தம்பூராவை மீட்டும் முன், பத்து விநாடி யாரும் பேசாமல் விட்டுவையுங்கள். ஒவ்வொரு பதிவிலும் இதை நான் வழக்கமாகவே வைத்திருக்கிறேன்.

பாட்டு மங்கி முடியும் இடத்தில் கொறகொறப்பு

24 பிட்டிலிருந்து 16க்கு இறக்கும்போது டிதர் (பிழையை மறைக்கச் சேர்க்கும் நுண்ணிய இரைச்சல்) சேர்க்கப்படவில்லை. தம்பூராவின் கடைசி ரீங்காரம் போன்ற மிக மெல்லிய ஒலி கடைசிப் படிகளில் ஏறி இறங்குவதுதான் அந்தக் கொறகொறப்பு. ஆர்டோரின் வெளியேற்ற அமைப்பில் டிதர் வகையை முக்கோணம் என்று தேர்ந்தெடுங்கள். அதை ஒரே ஒரு முறை, கடைசி இறக்கத்தில் மட்டும் செய்யுங்கள். 24 பிட்டாகவே கொடுக்க முடிகிற இடத்தில் 24ஆகவே கொடுத்துவிடுங்கள்.